மூன்று அடுக்கு, எண் 417

சர்க்கரைப் பாகு ஓரத்தில் தேன் நிறத்துக்குத் திரும்பியதும் அவள் பழக்க தோஷத்தில் குனிந்து முகத்தைப் பாத்திரத்துக்கு மேலே கொண்டுபோனாள். கன்னத்தில் சூடு அடித்தது. மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. கண்ணைக் கட்டிவிட்டு, உள்ளே கொதிப்பது சர்க்கரையா சுண்ணாம்பா என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

கேரமல் விஷயத்தில் கடிகாரம் உதவாது. நிறத்தைப் பார்த்து இறக்கலாம் என்பார்கள். கண்ணுக்கு நிறம் தெரிகிற நேரத்தில் காரியம் பாதி கெட்டிருக்கும். கசப்பு ஏறுவதற்குச் சரியாக அரை நிமிடம் முன்னால் ஒரு மணம் எழும். வறுத்த பாதாமுக்கும் சுண்டிய பாலுக்கும் நடுவே இருக்கிற ஒரு மணம். அது வந்ததும் வெண்ணெயைப் போட்டுவிட வேண்டும். பதினாறு வருடமாக அவள் அதை நம்பித்தான் இறக்கினாள். இந்த வருடமும் அந்த மணம் வரும், சமையலறையை நிறைக்கும், ஜன்னல் வழியாகத் தெருவுக்கும் போகும். அவளுக்கு மட்டும் தெரியாது. போதாக்குறைக்குப் போன வாரம்தான் அவள் கணவர் சமையலறை விளக்கைக் கழற்றிவிட்டு மஞ்சள் விளக்கு மாட்டியிருந்தார். அதன் கீழே பச்சைத் தண்ணீர்கூடத் தேன் நிறமாகத் தெரிந்தது. வெளியே மழை இருட்டு. ஜன்னல் வெளிச்சத்தையும் நம்ப முடியவில்லை.

தெருவில் அவளுக்கு ருசிக்காரம்மா என்று பெயர். பிஸ்கட் கம்பெனியின் ருசி அறையில் பதினேழு வருடமாக வேலை. மாவு பிசைவதோ பொட்டலம் கட்டுவதோ அல்ல. வருகிற மாதிரியைக் கடித்து, மென்று, முகர்ந்து, தாளில் எழுதுகிற வேலை. எண்ணெய் காறியிருக்கிறதா, வெனிலா தூக்கலா, அடுப்பில் ஒரு நிமிடம் அதிகம் நின்றுவிட்டதா என்பதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாள். பதினோரு வாரத்துக்கு முன்னால் ஒரு ஜலதோஷம் வந்தது. பத்து நாள் இருந்துவிட்டுப் போனது. போகும்போது மூக்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. அது தெரிந்தது ஒரு சாயங்காலம். அடுப்பில் பால் பொங்கி வழிந்து, அடி பிடித்து, கறுகிக் கரியாகிக்கொண்டிருக்க, அவள் அதற்கு இரண்டடி தள்ளி நின்று தட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். புகை கண்ணில் பட்டுத்தான் திரும்பினாள். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, வந்தாலும் வரும், வராமலும் போகும் என்றார். அதைச் சொல்வதற்கு எதற்கு டாக்டர் என்று தோன்றியது. வேறு யாரிடமும் அவள் வாயைத் திறக்கவில்லை.

நாக்கு மிச்சம் இருந்தது. இனிப்பு, உப்பு, புளிப்பு, கசப்பு என்ற நான்கும் தெரியும். மொறுமொறுப்புப் பல்லுக்குத் தெரியும். மற்றதையெல்லாம், ருசி அறையில் பலகை வைத்துப் பிரித்த பக்கத்துத் தடுப்பில் உட்காருகிறவரின் பேனாவிலிருந்து எடுத்துக்கொண்டாள். எந்த மாதிரி வந்தாலும் உப்பு குறைச்சல் என்றே எழுதுவதால் அவருக்கு உப்பு அண்ணன் என்று பெயர். ஆனால் வாசனை விஷயத்தில் கெட்டிக்காரர். அவர் எழுதும்போது பேனா எத்தனை எழுத்து ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று ஓரக்கண்ணால் பார்த்து எழுதி எழுதி அவளுக்குக் கழுத்தே ஒரு பக்கமாக வலி கண்டுவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன்பு மூக்கு மங்கிப்போன ஒரு பெண்ணைக் கம்பெனி வேலையைவிட்டு அனுப்பவில்லை. அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிற மேஜைக்கு அனுப்பியது. எட்டு மணி நேரமும் நின்றபடி. ருசி அறையின் வாசலை அவள் கடக்க நேரும்போது உள்ளே பார்க்காமல் போவாள். அந்த நடை இவளுக்குக் கனவில் வந்தது.

விடுமுறைக்கு முந்தைய கடைசி வேலை நாளில் ருசிக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஆறு பேரும் வீட்டில் செய்த இனிப்பைக் கொண்டுவர வேண்டும். மாதிரிகளை அனுப்புகிற லேப் மேடம் அதற்கு மூன்று இலக்க எண் போட்டு, யாருடையது என்று சொல்லாமல், நிஜ மாதிரியைப் போலவே தடுப்புக்குள் அனுப்புவார். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளாக எல்லோரும் எழுத வேண்டும், தன்னுடையதைப் பற்றியும் சேர்த்து. பிறகு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து மூத்தவர் தாள்களைப் படிப்பார். சிரிப்பும் கிண்டலுமாக ஒரு மணி நேரம் போகும். அவள் கொண்டுபோவது எப்போதும் இதுதான். அடியில் வெண்ணெயில் பிசைந்து அழுத்திய பிஸ்கட் தூள், நடுவில் கேரமல், மேலே கறுப்புச் சாக்லேட், அதன்மேல் நாலு கல் உப்பு. இந்த வருடம் வேண்டாம் என்று விட்டால், ருசிக்காரம்மாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்பார்கள். கேள்வி என்று ஒன்று வந்துவிட்டால் அது எங்கே போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"என்ன அண்ணி, மாடி வரைக்கும் தூக்குதே!"

வாசலில் நாத்தனார். மாடியில்தான் குடியிருப்பு, தபாலாபீசில் வேலை. அவள் காதில் ஒரு விஷயம் விழுந்தால் மறுநாளே ஊருக்கெல்லாம் பட்டுவாடா ஆகிவிடும். ருசிக்காரம்மா முகத்தைப் பாத்திரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதே நொடியில் ஒரு யோசனையும் வந்தது. இதோ, ஒரு மூக்கு தானாக நடந்து வந்திருக்கிறது.

"அப்படி என்ன தூக்குது?" என்றாள், கரண்டியை விடாமல்.

"சர்க்கரை காயற வாசனைதான். வேறென்ன?"

"வெறும் சர்க்கரையா?"

"இல்ல, கொஞ்சம் பால் மாதிரி..." நாத்தனார் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு மூக்கை உறிஞ்சினாள். "முந்திரி வறுக்கறீங்களா?"

இதுதான். ருசிக்காரம்மா வெண்ணெயைத் தூக்கிப் போட்டாள். பாகு சீறிக்கொண்டு எழும்பி அடங்கியது. கிரீமை ஊற்றிக் கிண்டினாள்.

"இப்போ?"

"இப்போ என்ன இப்போ?"

"இப்போ எப்படி இருக்குன்னு கேட்டேன்."

"அட, ஊருக்கே ருசி சொல்ற ஆளு நீங்க. நான் தபால்ல முத்திரை குத்தறவ. என்னைப் போய்க் கேக்கறீங்க?" நாத்தனார் சிரித்தாள். சிரித்துவிட்டு ஒரு பார்வை பார்த்தாள். "ஏன் அண்ணி, இன்னும் சளி விடலையா?"

"அதெல்லாம் போயாச்சு. சும்மா உன் நாக்கைச் சோதிச்சேன்."

"என் நாக்கைப் பத்தி எங்க அண்ணனைக் கேளுங்க, நல்லாச் சொல்லுவாரு," என்று சொல்லிவிட்டு, உடைந்த பிஸ்கட் துண்டு ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டு நாத்தனார் படியேறிப் போனாள். அவள் செருப்புச் சத்தம் மறையும்வரை ருசிக்காரம்மா கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

சாக்லேட்டைக் கொதிநீரின்மேல் வைத்து உருக்கி ஊற்றி, தட்டைத் தட்டிச் சமப்படுத்தி, உப்பைத் தூவியபோது சனிக்கிழமை சாயங்காலம் மணி ஐந்து. எங்கே வைப்பது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. சாக்லேட்டைப் போல வாசனையை இழுக்கிற பொருள் உலகத்தில் இல்லை. பக்கத்தில் எது இருக்கிறதோ அதுவாகவே ஆகிவிடும். ஃபிரிட்ஜில் வெங்காயம், சமையலறையில் மசாலா டப்பா. இப்படி யோசித்து யோசித்து ஒவ்வொரு வருடமும் அவள் வைக்கிற இடம் படுக்கையறை இரும்பு பீரோவின் கீழ்த்தட்டு. சில்லென்று இருக்கும். எறும்பு வராது. துவைத்த போர்வையைத் தவிர வேறொன்றும் அங்கே இருக்காது. அன்றும் அப்படியே வைத்துக் கதவைச் சாத்தினாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எடுத்து, வெந்நீரில் நனைத்த கத்தியால் சதுரம் சதுரமாக வெட்டி, அட்டைப்பெட்டியில் அடுக்கி, மறுபடியும் அங்கேயே வைத்தாள். கணவர் ஒரு துண்டு தின்றார். "நல்லா இருக்கு," என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் எதைத் தின்றாலும் சொல்வது அதுதான். ஒருமுறை உப்பே போடாத குழம்பையும் அப்படித்தான் சொன்னார். அதனால் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கும் வர முடியாது.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேன். ஏழு ஆவதற்கு எட்டு நிமிடம் இருக்கும்போது, பெட்டியைச் சுற்றிக் கட்ட ஒரு துண்டு வேண்டும் என்று கீழ்த்தட்டிலிருந்த போர்வைகளுக்குப் பின்னால் கையை விட்டாள். ஏதோ கெட்டியாக உருண்டு வந்து அவள் கால் விரலில் விழுந்தது. சோப்பு. உறையில் ஒரு பெரிய ரோஜாப்பூ, இதழ் இதழாக. போர்வையை விலக்கினாள். பின்னால் வரிசையாக இன்னும் பதினொன்று.

ஒரு சோப்பை எடுத்து மூக்கில் வைத்து அழுத்தி உள்ளே இழுத்தாள். காற்று வந்தது. உறையைக் கிழித்து மறுபடியும் இழுத்தாள். காற்றுதான். பெட்டியைத் திறந்து ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். சாக்லேட் உடைந்தது, கேரமல் நீண்டது, தூள் உதிர்ந்தது. இனிப்பு, ஒரு துளி கசப்பு, கடைசியில் உப்பு. ரோஜா இருந்ததா இல்லையா என்பதைச் சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு சுவர் இருந்தது.

அவள் கணவர் பஸ் டிப்போவில் டைம்கீப்பர், விடிகாலையிலேயே போயிருந்தார். போனில் பின்னால் பஸ்கள் உறுமின.

"ஏங்க, பீரோவுல சோப்பு வச்சீங்களா?"

"ஆமா, சனிக்கிழமை காலையில. ஒரு டஜன் மொத்தமா வாங்கினேன். துணியெல்லாம் மணக்கட்டுமேன்னு. ஏன்?"

"மணக்குதா?"

"கதவைத் திறந்தா பூக்கடை மாதிரி இருக்கு! நீதான் ஒண்ணுமே சொல்லல. நீ முதல் ஆளாக் கண்டுபிடிப்பேன்னு நெனச்சேன்."

அவள் போனை வைத்தாள். நேற்று அவர் தின்ற துண்டைப் பற்றிக் கேட்டுப் பயனில்லை. பெட்டியோடு வெளியே வந்து மாடிப்படியில் கால் வைத்தாள். நாத்தனார் வீட்டில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. ஒரு துண்டை நீட்டினால் போதும், ஒரே நொடியில் தெரிந்துவிடும். ஆனால் அன்றைக்குப் பார்த்த அந்தப் பார்வை இருக்கிறதே. இரண்டாவது முறை கேட்டால் சளியைப் பற்றிய விசாரணையோடு நிற்காது. மூன்று படி ஏறினாள். நான்காவதில் நின்றாள். வேன் ஹாரன் அடித்தது. இறங்கிவிட்டாள்.

வேன் டிரைவரிடம் ஒரு துண்டை நீட்டினாள். "ஐயோ, வேண்டாம்மா," என்று அவர் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துவிட்டார். "எனக்கு சுகர் இருநூத்திப் பத்து. ஆசை காட்டாதீங்க." பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் ஜன்னலைத் திறந்து வைத்தாள். காற்றில் வாசனை போய்விடும் என்று எந்த மடையனும் நம்பமாட்டான். அவள் நம்பினாள்.

ருசி அறையில் பவுடர், சென்ட், பூ எதற்கும் அனுமதியில்லை. வெள்ளைச் சுவர், ஆறு தடுப்பு, ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன ஜன்னல். பெட்டியை வாங்கிக்கொண்ட லேப் மேடம் மூடியைத் திறக்காமலே உள்ளே போனார். திரும்பி வந்து, "இன்னிக்கு ஜாலி நாள், சீட்டு மாத்தி உக்காருங்க," என்று சிரித்தார். உப்பு அண்ணன் அந்தக் கோடிக்குப் போனார். அவளுக்கு விழுந்தது சுவரோரத் தடுப்பு. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் உயரமான பலகை. பார்ப்பதற்கு ஒரு பேனாவும் இல்லை.

ஜன்னல் வழியாக மாதிரிகள் வந்தன. 268, 905, 133. இனிப்பு சரி, மொறுமொறுப்பு நன்று என்று வழுக்கலாக எழுதித் தள்ளினாள். கடைசியாக வந்தது 417. அவளுடைய சதுரம். நாலு கல் உப்பு மினுங்கிக்கொண்டிருந்தது.

தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சோப்பு வாசனை என்று எழுதலாம். தன் குற்றத்தைத் தானே கண்டுபிடித்ததாக ஆகும், மூக்கும் பிழைக்கும். ஆனால் ஒருவேளை வாசனை ஏறியிருக்காவிட்டால்? மற்ற ஐந்து பேரும் ஒன்றுமில்லை என்று எழுதியிருக்க, இல்லாத ரோஜாவை முகர்ந்தவள் அவள் ஒருத்தியாக இருப்பாள். எழுதாமலும் விடலாம். ஏறியிருந்தால், தன் சாக்லேட்டில் இருக்கிற சோப்பைக்கூட அறியாதவள். எந்தப் பக்கம் காலை வைத்தாலும் பள்ளம். பக்கத்துத் தடுப்புகளில் பேனாக்கள் ஓடும் சத்தம் நின்று, நாற்காலிகள் நகரத் தொடங்கின. பதினோரு வாரம் கழுத்தை ஒடித்து வாங்கிய களைப்பு மொத்தமும் அப்போது வந்து தோளில் உட்கார்ந்தது. 417 என்று எண் போட்ட தாளில் எழுதினாள்: எனக்கு வாசனை தெரியவில்லை. பதினோரு வாரமாக. எழுதியதைத் திரும்பப் படிக்காமல் கொண்டுபோய் மேஜைமேல் இருந்த தாள்கட்டுக்குள் செருகினாள்.

தாள்களைப் படிப்பவர் மூக்கு சார். குழுவில் மூத்தவர். பெயருக்கேற்ற மூக்கு, ஓய்வு பெற இன்னும் பதினாலு மாதம். எதிர்ப்பக்கம் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். மற்ற ஐந்து இனிப்புகளும் கிண்டலோடு கடந்துபோயின. "முதல்ல என்னோடது," என்று சொல்லி, 417-க்குத் தாம் எழுதியதைப் படித்தார். "மூன்று அடுக்கும் சமம். வெண்ணெய் மணம் முழுமை. குறை ஒன்றுமில்லை."

அவளுக்கு மூச்சு வந்தது. வந்த வேகத்திலேயே நின்றது. குறை ஒன்றுமில்லை! வாசனை ஏறவில்லை, தப்பித்துவிட்டாள், ஆனால் அந்தக் கட்டின் அடியில் அவளுடைய தாள் இருக்கிறது. செய்தவரின் தாளைக் கடைசியில் படிப்பதுதான் முறை. எழுந்து பிடுங்கிவிடலாமா? தலை சுற்றுகிறது என்று மேஜைமேல் விழலாமா? தண்ணீரைத் தட்டி ஊற்றிவிடலாமா? டம்ளரை நோக்கிக் கை நீண்டேவிட்டது.

"அடுத்தது உப்பு," என்றார் மூக்கு சார். "உப்பு சரி. என்னப்பா, உடம்பு கிடம்பு சரியில்லையா? உப்பு சரிங்கறே." எல்லோரும் சிரித்தார்கள். அவர் தொடர்ந்து படித்தார். "ஆனால்... சோப்பு வாசனை."

"சத்தியமா, சார். ரோஜா சோப்பு," என்றார் உப்பு அண்ணன். "தின்னுட்டுத் துடைக்கத் துண்டு தேடினேன்."

அடுத்த இரண்டு தாளிலும் சோப்பு. அதற்கடுத்ததில், குளித்துவிட்டு வந்த சாக்லேட் என்று இருந்தது. லேப் மேடமும் ஒரு துண்டைத் தின்றுவிட்டு வேடிக்கைக்கு ஒரு தாள் எழுதியிருந்தார்: வெளி வாசனை, கடுமையானது, பூ வகை. "என்ன ருசிக்காரம்மா, அலமாரியில வச்சீங்களா?" என்று மேடம் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவளும் சிரித்தாள். முகத்தில் தோல் இழுபடுவது தெரிந்தது.

அப்புறம்தான் சிரிப்பு மெல்ல அடங்கி, ஒவ்வொருவராக மூக்கு சாரைப் பார்த்தார்கள்.

"சார், உங்களுக்கு எப்படி..." என்று ஆரம்பித்த உப்பு அண்ணன், பாதியில் தானே சமாளித்தார். "சார் பெரிய மனுஷன். பாவம் அம்மா சங்கடப்படக் கூடாதுன்னு எழுதல. அப்படித்தானே சார்?"

"ஆமாமா," என்றார் மூக்கு சார். சற்றுத் தாமதமாகச் சொன்னார். கையிலிருந்த தாள்களை மேஜையில் தட்டி ஓரம் சேர்த்தார். சேர்ந்திருந்த ஓரத்தை மறுபடியும் தட்டிச் சேர்த்தார். அவருடைய காது மடல் சிவந்திருந்தது. ருசிக்காரம்மா அந்தக் காதையே பார்த்தாள். இந்த மழைக்காலம் முழுக்க அவர் எல்லோரும் எழுதி முடித்தபிறகுதான் பேனாவைத் திறந்தார் என்பது, இதுவரை அவள் கவனிக்காத ஒன்று, இப்போது அவள் கண்முன் வந்து நின்றது. பேனாக்களைப் பார்ப்பதில் அவ்வளவு மும்முரமாக இருந்ததில் அவர் பேனாவைப் பார்க்க மறந்திருக்கிறாள். அல்லது உப்பு அண்ணன் சொன்னதுபோல் வெறும் நல்ல மனசாகவும் இருக்கலாம்.

கடைசித் தாளை எடுத்தார். எப்போதும் படிப்பதற்கு முன்பு அவர் உதடு லேசாக அசையும். இப்போது அசையவில்லை. கண் மட்டும் இடமிருந்து வலமாகப் போனது, மறுபடியும் போனது. பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமோ இரக்கமோ இருந்தால் அவளுக்குப் புரிந்திருக்கும்.

"அம்மா ஒண்ணும் எழுதல," என்றார். "வெறும் தாள்."

"சொந்தச் சரக்குக்குத் தீர்ப்பு சொல்ல மனசு வரல போல," என்றது யாரோ.

மூக்கு சார் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "சார், அதையும் ஃபைல்ல வைக்கணும்," என்றார் இடப்பக்கம் உட்கார்ந்திருந்த லேப் மேடம், கையை நீட்டி.

"வெறும் தாள்தானேம்மா."

ருசிக்காரம்மா அப்போதுதான் பார்த்தாள். துவைத்துத் துவைத்து நைந்த வெள்ளைச் சட்டை. அவசரத்தில் எழுத்துப் பக்கம் வெளியே இருக்கும்படி மடித்திருக்கிறார். பைத்துணிக்குள்ளிருந்து நீல மை மங்கலாகத் தெரிந்தது, அவள் கையெழுத்தின் வளைவுகள், 'பதினோரு' என்பதன் கொம்பு. அவள் பார்த்த இடத்தை அவரும் குனிந்து பார்த்தார். யாரும் தொடாமல் நடுவில் கிடந்த 417-இன் தட்டை எட்டி எடுத்து, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். மேடத்தின் கை இன்னும் நீண்டபடியே இருந்தது. அவர் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மெல்லத் தொடங்கினார். தட்டை நெஞ்சைவிட்டு விலக்காமல், லேசாக அவள் பக்கம் சாய்த்தார். அவளும் கையை நீட்டி ஒன்றை எடுத்துக்கொண்டாள்.